வற்றும் ஆற்றின் மீன்

ஆப்பிரிக்கக் கண்டத்து ஆறுகளுள் பல, வருஷத்தில் சில மாதம் கரை தெரியாமல் பெருகிச் சமவெளிகளை மூழ்கடித்துவிட்டு, எஞ்சிய மாதங்களில் வெறும் மணல்வெளியும் இடையிடையே சில மடுக்களுமாகச் சுருங்கிப்போகும் இயல்புடையவை. அத்தகைய ஆற்றில் பிறந்த மீனுக்கு வெள்ளத்தில் நீந்தத் தெரிந்தால் மட்டும் போதாது. வெள்ளம் வடிந்தபின் தேங்கி நிற்கும் கலங்கலான, வெயிலில் சூடேறிய, பிராணவாயு அற்றுப்போன குட்டையிலும், அந்தக் குட்டையும் வற்றியபின் மிஞ்சுகிற சேற்றிலும்கூட அடுத்த மழை வரையில் உயிரைப் பிடித்துவைத்திருக்கத் தெரிந்திருக்க வேண்டும். இவ்விரு பருவங்களுக்கும் பொருந்தும்படி அமைந்த உடலோடு, நைல் நதியின் கழிமுகம் முதல் தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு நதி வரையில், ஏரியென்றும் சதுப்பென்றும் சாக்கடையென்றும் பேதம் பாராமல் குடியிருந்துவரும் மீன் ஒன்று உண்டு. விஞ்ஞானிகள் அதனைக் கிளாரியாஸ் காரியபைனஸ் என்கிறார்கள். நம் நாட்டுச் சந்தைகளில் அதற்கு ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று பெயர். இந்த அத்தியாயத்தில் அதனைக் கெளிறு என்றே சுருக்கமாகக் குறிப்பிடுவோம்.

இதனை முதன்முதலாக நூலில் வருணித்தவர் வில்லியம் பர்ச்செல் என்னும் ஆங்கிலேய இயற்கை ஆராய்ச்சியாளர். 1811ஆம் ஆண்டில் கேப் டவுனிலிருந்து மாட்டு வண்டியில் புறப்பட்டு, தென்னாப்பிரிக்காவின் உட்பிரதேசங்களில் நான்காண்டுகள் சுற்றித் திரிந்து, ஆயிரமாயிரமாகத் தாவரங்களையும் பிராணிகளையும் சேகரித்துத் திரும்பிய அவர், 1822இல் வெளியிட்ட தம் பிரயாண நூலின் முதற்பாகத்தில், அந்நாட்டின் பூர்வகுடிகள் காரியெப் என்று வழங்கிவந்த ஆரஞ்சு நதியின் பெயரையே அந்நதியில் கிடைத்த இம்மீனுக்குச் சூட்டினார். ஆனால் அவருக்குப் பின்வந்த அறிஞர்கள் நைல் நதியில் பிடிபட்டதை வேறோர் இனமென்றும், மொசாம்பிக்கில் பிடிபட்டதை மற்றோர் இனமென்றும் கருதித் தனித்தனிப் பெயர்களைக் கொடுத்துவிட, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஒரே மீன் புத்தகங்களில் மூன்று மீன்களாக உலவிக்கொண்டிருந்தது. பெல்ஜிய நாட்டு மீனியலறிஞர் டியூகல்ஸ் 1980களில் கண்டமெங்கும் கிடைத்த மாதிரிகளை ஒப்பிட்டு, இவை யாவும் ஒன்றே என்று தீர்த்துவைத்தபோது, முந்திய பெயரே நிலைக்க வேண்டும் என்ற விதிப்படி பர்ச்செலின் பெயர் நிலைத்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியேயும் இம்மீனுக்கு இயற்கையான வாசஸ்தலம் உண்டு. ஜோர்தான் நதியிலும், சிரியா, லெபனான் நாடுகளிலும், துருக்கியின் தென்கோடியிலும் இது வாழ்கிறது. கலிலேயக் கடலில் வாழும் கெளிறுகளுக்கு ஒரு விசேஷ சௌகரியமும் இருந்தது: செதிலில்லாத மீனை உண்ணலாகாது என்னும் மோசேயின் நியாயப்பிரமாணம் அவற்றை யூதர்களின் அடுப்புக்குப் போகாமல் காத்துவந்தது.

நன்றாக வளர்ந்த கெளிறு ஒன்றைக் கரையில் கிடத்தி நோக்கினால், முதலில் கண்ணில் படுவது அதன் தலை. மேலிருந்து அழுத்தித் தட்டையாக்கியதுபோன்ற அகன்ற மண்டையோடு. தோலுக்கு அடியிலேயே கெட்டியான எலும்புத் தகடு. அதன் மேற்பரப்பைத் தடவினால் விரலில் நெருடும் சொரசொரப்பு. அவ்வளவு பெரிய தலைக்குக் கண்கள் மட்டும் மிகச் சிறியவை. கலங்கல் நீரில் கண்ணால் ஆகக்கூடிய காரியம் அதிகமில்லை என்பதால், அப்பொறுப்பை வாயைச் சுற்றியுள்ள நான்கு ஜோடி மீசைகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. தொடுவதும் சுவைப்பதும் இரண்டும் அவற்றின் வேலை. உடலில் செதில் என்பதே கிடையாது. வழுவழுப்பான தோல், முதுகில் கரும்பழுப்பும் வயிற்றில் வெண்மையுமாக இருக்கும். தலைக்குச் சற்றுப் பின்னால் தொடங்கும் முதுகுத் துடுப்பு வால்வரைக்கும் இடைவிடாமல் ஓடுகிறது. தோள்பட்டைத் துடுப்பின் முன்விளிம்பில் உறுதியான முள் ஒன்று இருக்கிறது. கையாளத் தெரியாதவன் உள்ளங்கையைக் கிழித்துவிடக்கூடியது அது. இம்மீன் ஒன்றரை மீட்டருக்கு மேலும் நீளும். 60 கிலோ எடையுள்ளவையும் பிடிபட்டதுண்டு. ஜாம்பெசி நதியில் வுண்டு என்று வழங்கும் இதன் பெரிய உறவினன் பருமனில் இதனை விஞ்சுவதாகச் சொல்வார்கள். வுண்டுவின் முதுகில் நீண்ட துடுப்புக்குப் பின்னால் கொழுப்புத் துடுப்பு ஒன்று தனியாக இருப்பதைக் கொண்டு இரண்டையும் எளிதில் பிரித்தறியலாம்.

வெளித்தோற்றத்தைவிட ஆச்சரியமானது அந்தத் தலைக்குள்ளே மறைந்திருக்கும் ஏற்பாடு. செவுள்களுக்கு மேலே, இருபுறமும் ஒவ்வோர் அறை இருக்கிறது. இரண்டாவது, நான்காவது செவுள் வளைவுகளிலிருந்து கிளைத்தெழும் இரு உறுப்புகள் அவ்வறையை நிரப்பி நிற்கின்றன. கிளை விட்டுக் கிளை பிரிந்து, நுனிகளெல்லாம் மொட்டு மொட்டாகத் திரண்டு, இளஞ்சிவப்பாக இருக்கும் அவற்றை ஒரு சிறு காலிஃபிளவர் பூ என்றே சொல்லத் தோன்றும். குருதிக்குழாய்கள் மிக நெருக்கமாகப் பின்னிய அந்த மொட்டுகள் ஈரமாக இருக்கும்வரையில் காற்றிலிருந்து நேரடியாகப் பிராணவாயுவை உறிஞ்ச வல்லவை. நீர் தெளிவாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும் காலத்தில் கெளிறு மற்ற மீன்களைப்போலச் செவுள்களால் சுவாசித்துக்கொண்டு, எப்போதாவதுதான் மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிப் போகும். நீர் கெடக் கெட, மேலே வருவது அடிக்கடி நிகழும். உயிர்க்காற்று குன்றிய நீரில், மேலே வரமுடியாதபடி வலையைப் போட்டு அதனைத் தடுத்துவிட்டால் அது மூச்சுத் திணறி இறந்துபோகும். மீன் நீரில் மூழ்கிச் சாகும் என்பதைக் கேட்டு நகைக்கத் தோன்றினாலும், உண்மை அதுதான்.

காற்றைச் சுவாசிக்கும் சக்தி வாய்த்துவிட்டால், நீரை விட்டு வெளியேறும் துணிவும் கூடவே வந்துவிடுகிறது. குட்டை வற்றத் தொடங்கும் காலத்தில், பெரும்பாலும் இரவில், புல் நனைந்திருக்கும் வேளை பார்த்துக் கெளிறுகள் கரையேறி, தோள்பட்டை முட்களை ஒன்று மாற்றி ஒன்று தரையில் ஊன்றி, உடலை இருபுறமும் நெளித்துத் தள்ளிக்கொண்டு அடுத்த நீர்நிலையைத் தேடிப் பிரயாணம் செய்கின்றன. போக வழியில்லாதவை அடிச்சேற்றில் புதைந்து கிடக்கும். ஆப்பிரிக்காவிலேயே வாழும் நுரையீரல் மீன் தன்னைச் சுற்றி ஒரு கூட்டைச் சுரந்துகொண்டு, காய்ந்த மண்ணுக்குள் மாதக்கணக்காக உறங்கக்கூடியது. கெளிறுக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை. சேறு ஈரமாக இருக்கும் மட்டுமே அதன் வித்தை பலிக்கும். சேறு வெடித்துப் பாளமாகிவிட்டால் அதன் ஆயுளும் முடிந்தது. ஆயினும் மற்ற மீன்களெல்லாம் செத்து மிதந்தபின்னும் சில வாரங்கள் தாக்குப்பிடிக்க முடிகிறதென்றால், செத்து மிதந்தவை யாவும் அதற்கு ஆகாரமாகும் என்பதையும் நாம் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகார விஷயத்தில் இதற்கு நியமம் எதுவும் கிடையாது. பூச்சி, நத்தை, தவளை, நண்டு, பிற மீன், பறவைக் குஞ்சு, அழுகிய பிணம், நீரில் உதிர்ந்த பழம், விதை எல்லாம் அதற்குச் சம்மதமே. செவுள் வளைவுகளின் உட்புறத்தில் சீப்புப் பற்களாக நிற்கும் முட்களின் எண்ணிக்கை வயது ஏற ஏறப் பெருகுவதால், முதிர்ந்த மீன் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் வடிகட்டித் தின்ன முடிகிறது. ஆனால் இந்தச் சோம்பேறித் தின்னியின் சுபாவத்தில் கூட்டு வேட்டை என்னும் ஒரு திறமையும் உண்டென்பதைப் போட்ஸ்வானா நாட்டில் ஒகவாங்கோ ஆறு பரந்து கிடக்கும் சதுப்பு நிலத்தில்தான் காணவேண்டும்.

ஒகவாங்கோவின் வெள்ளம் அவ்விடத்து மழையால் வருவதன்று; அங்கோலா நாட்டு மேட்டு நிலங்களில் பெய்த மழை, பல நூறு மைல் நடந்து, மழை ஓய்ந்த காலத்தில் போட்ஸ்வானாவை வந்தடைகிறது. வந்த வெள்ளம் பல மாதம் புல்வெளிகளில் தங்கி, பின் மெல்ல வடியத் தொடங்குகையில், அதுகாறும் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்த சிறு மீன்களெல்லாம் பிரதான கால்வாய்களுக்கு வந்து, கரையோரத்துப் பாப்பிரஸ் கோரைகளின் மிதக்கும் வேர்க்கற்றைகளுக்குள் ஒளிந்துகொள்ளும். ஆகஸ்டு மாதத்திலிருந்து நவம்பர் வரையில் கெளிறுகள் அங்கே நூற்றுக்கணக்காகவும் சமயத்தில் ஆயிரக்கணக்காகவும் திரண்டு, நீரோட்டத்தை எதிர்த்து மேலே போய்க்கொண்டே, கோரைத் தண்டுகளை வாலால் ஓங்கி அறைந்து, வேர்களுக்குள் முட்டி நுழைந்து, ஒளிந்திருப்பவற்றை வெளியே விரட்டித் தின்கின்றன. அறையும் சத்தமும் காற்றை விழுங்கும் சத்தமும் கலந்த அந்த ஆரவாரம் தூரத்திலிருந்தே காதில் விழும். நீர் கொதிப்பதாகத் தோன்றும் அந்த இடத்துக்கு நேர்மேலே கோரை நுனிகளில் வெண்கொக்குகளும் நாரைகளும் வரிசையாக உட்கார்ந்து, தப்பித் துள்ளும் சிறுமீன்களைக் கொத்திக்கொண்டு கூட்டத்தோடு கூடவே நகர்ந்து செல்ல, மீன்கழுகும் முதலையும் கெளிறுகளையே குறிவைத்துக் காத்திருக்கும். கிளென் மெரன் என்பவர் இவ்வேட்டையை ஆராய்ந்து 1993இல் எழுதிய கட்டுரையில், நமது கெளிறோடு மற்றொரு கிளாரியாஸ் இனமும் இதில் பங்குகொள்வதைப் பதிவுசெய்திருக்கிறார்.

இரையாவன பெரும்பாலும் மோர்மிரிட் குடும்பத்து மீன்கள். இவை இரவில் உலவுபவை. வாலடியில் உள்ள உறுப்பிலிருந்து மிக மெல்லிய மின் துடிப்புகளை வெளியிட்டு, அவற்றின் உதவியால் இருட்டில் வழி கண்டுகொள்வதும் தம்முள் ஒன்றையொன்று அடையாளம் தெரிந்துகொள்வதும் இவற்றின் வழக்கம். கெளிறுக்கு மோர்மிரிட்டுகளுக்கு உள்ளதுபோன்ற மின்னுறுப்பு கிடையாது. ஆனால் அதன் தோலில் மின்னுணர்வுக் குழிகள் இருக்கின்றன. மந்தமான, நீண்ட துடிப்புகளே அக்குழிகளுக்கு எட்டும். மோர்மிரிட்டுகளின் துடிப்போ மிகமிகக் குறுகியது. ஆகவே ஒன்றின் பேச்சு மற்றதன் செவியில் விழாது என்றே நெடுநாள் நம்பப்பட்டது. ஹனிகா, கிராமர் என்னும் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் இருவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனைகள் அந்த நம்பிக்கையில் ஒரு திருத்தம் செய்தன. புல்டாக் மீன் என்று வழங்கும் மோர்மிரிட்டில், பெண்ணின் துடிப்பு உண்மையிலேயே கெளிறுக்கு எட்டுவதில்லை; ஆனால் பருவமெய்திய ஆணின் துடிப்பு பெண்ணின் துடிப்பைவிடப் பன்மடங்கு நீண்டதாகையால், அது கெளிறின் மின்னுணர்வுக்கு எட்டிவிடுகிறது. பெண்ணைக் கவர்வதற்கென்று ஆண் நீட்டி முழங்குவதைக் கெளிறும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். காதலில் அடக்கம் வேண்டும் என்று உபதேசிப்பவர்களுக்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

கெளிறின் சொந்தத் தாம்பத்தியம் மழையோடு கட்டுண்டது. மழை பெய்து ஆறு கரைபுரண்டு, நேற்றுவரை வறண்டு கிடந்த புல்தரையை நீர் மூடிய அன்றிரவே, முழங்கால் ஆழம்கூட இல்லாத அப்புது வெள்ளத்துக்குள் பெரிய மீன்கள் கூட்டமாக ஏறிவரும். தென்னாப்பிரிக்காவின் சிபாயா ஏரியில் 1970களில் இம்மீனைத் தொடர்ந்து கவனித்த மைக் புரூட்டன் வருணித்தபடி, ஆண் தன் உடலைக் கொக்கியாக வளைத்துப் பெண்ணின் தலையைச் சுற்றிக்கொண்டு சில விநாடி அசையாமல் இருக்கும். முட்டையும் விந்தும் வெளிப்பட்ட மறுகணம் பெண் வாலை வேகமாக வீசி முட்டைகளைச் சிதறடிக்க, அவை மூழ்கிய புல்லிலும் இலையிலும் ஒட்டிக்கொள்ளும். பெரிய பெண்மீன் ஒன்றின் வயிற்றில் லட்சக்கணக்கான முட்டைகள் இருக்கும். அத்தோடு பெற்றோர் கடமை தீர்ந்தது. இரண்டும் ஆழத்துக்குத் திரும்பிவிடும். முட்டைகளுக்குக் காவல் இல்லை, கூடு இல்லை. நல்ல இடம் பார்த்து இட்டதே அவை செய்த உபகாரம். புது வெள்ளத்தில் எதிரிகள் குறைவு, நுண்ணுயிர் ஆகாரம் மிகுதி. வெப்பத்தைப் பொறுத்து ஒன்று ஒன்றரை நாளில் குஞ்சு பொரித்துவிடும். வெள்ளம் வடிவதற்குள் வளர்ந்து ஆற்றுக்கு வந்துசேர வேண்டும் என்ற அவசரம் அக்குஞ்சுகளின் பிறப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

முட்டையிடுவதற்காகக் கரையோரத்து ஆழமற்ற நீருக்கு வந்து, சுற்றுப்புறத்தை மறந்து கிடக்கும் ஒரு பெரிய மீனை மனிதன் கவனிக்காமல் விடுவானா? கிழக்குக் காங்கோவில் செம்லிகி ஆற்றங்கரையில் கட்டாண்டா என்னுமிடத்தில் அலிசன் புரூக்ஸ், ஜான் யெல்லென் முதலியோர் அகழ்ந்தெடுத்து 1995இல் வெளியிட்ட எலும்பு ஈட்டிமுனைகள், ஓரத்தில் வரிசையாக முட்கள் செதுக்கப்பட்டவை. அவற்றோடு கிடந்தவை பெருங்கெளிறுகளின் எலும்புகள். அவற்றின் காலம் ஏறக்குறைய 90,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று மதிப்பிடப்பட்டபோது, அவ்வளவு தொன்மைக் காலத்து மனிதனுக்கு இத்தனை நேர்த்தியான கருவி செய்யத் தெரிந்திருந்ததா என்று பலர் தயங்கினார்கள். குறிப்பிட்ட பருவத்தில், குறிப்பிட்ட கரைக்கு, கையெட்டும் ஆழத்துக்கு மீன் வந்துசேரும் என்பதை முன்கூட்டி அறிந்து, அதற்கென்று கருவி செய்து காத்திருக்கும் புத்திதான் இதில் முக்கியம் என்பது என் அபிப்பிராயம். ஈட்டியின் நேர்த்தி அடுத்தபடியான விஷயம். எகிப்தில் அஸ்வானுக்கு அருகேயுள்ள வாதி குப்பானியாவிலும், 18,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட குடியிருப்புகளில் கெளிற்றெலும்புகள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன; நைல் வெள்ளத்தின் தொடக்கத்தில் ஒரே சமயத்தில் ஏராளமாகப் பிடித்து, உலர்த்தி வைத்துக்கொண்டார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இன்று மணல்காடாக விளங்கும் சஹாராவின் நடுவிலும் இம்மீனின் அடையாளம் உண்டு. லிபியாவின் தென்மேற்கே தக்கர்க்கோரிப் பாறைக் குகையில் கிடைத்த பிராணி எச்சங்களுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மீன்களுடையவை. அவற்றில் கிளாரியாஸும் திலாப்பியாவுமே பிரதானம். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஏரியும் ஓடையும் இருந்தன; பின்னர் அவை வற்ற வற்ற, மேலடுக்குகளில் மீனெலும்பு குறைந்து கால்நடைகளின் எலும்பு மிகுந்துவருகிறது. அல்ஜீரியாவின் தஸ்ஸிலி மலைச் சுனைகளில், சுற்றிலும் பாலைவனம் சூழ, கிளாரியாஸ் மீன்கள் நம் காலத்திலும் உயிரோடு காணப்பட்டிருக்கின்றன.

எகிப்தியர் இக்கெளிற்றை உண்டதோடு நில்லாமல் எழுத்தாகவும் ஆக்கிக்கொண்டார்கள். நாட்டை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்தவனாகக் கருதப்படும் நார்மர் என்னும் அரசனின் பெயர், ஒரு கெளிறும் ஓர் உளியுமாகச் செதுக்கப்படுவது. ஹியராகோன்போலிஸில் 1898ஆம் ஆண்டில் அகழ்ந்தெடுக்கப்பட்டு, கெய்ரோ அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்த நார்மரின் கற்பலகையில், மேல்விளிம்பின் நடுவே மீசையுடன் அந்த மீன் கிடப்பதை இன்றும் பார்க்கலாம். ஐயாயிரம் ஆண்டுப் பழமையான ராஜமுத்திரையில் சிங்கமோ கழுகோ இல்லாமல் ஒரு சேற்று மீன் இடம்பெற்றதைக் குறித்து வியப்பவர்கள், நைலின் வெள்ளத்தோடு அம்மீனுக்கிருந்த உறவை நினைத்துப் பார்த்தால் வியப்பு நீங்கும்.

ஈட்டியின் காலத்திலிருந்து தொட்டியின் காலத்துக்கு வர நெடுந்தூரம் தாண்ட வேண்டியிருந்தது. 1970களில் மத்திய ஆப்பிரிக்காவிலும் கேமரூனிலும் இதனை வளர்ப்பு மீனாக்கும் முயற்சிகள் முனைப்பாக நடந்தன. எதையும் தின்னும், எந்த நீரிலும் பிழைக்கும், நெருக்கமாக அடைத்தாலும் மூச்சுக்குக் காற்றை விழுங்கிக்கொள்ளும் பிராணியைவிட வளர்ப்புக்குத் தோதான வேறு எது? தடை ஒன்றே ஒன்று: மழையும் புது வெள்ளமும் இல்லாத தொட்டியில் அது முட்டையிட மறுத்தது. வேறொரு மீனின் தலையைப் பிளந்து, மூளைக்கடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியை எடுத்து அரைத்து, அச்சாற்றைப் பெண்மீனின் முதுகுச் சதையில் ஊசிமூலம் ஏற்றியபோது, மறுநாள் காலையில் வயிற்றை மெல்ல அழுத்தினாலே பச்சை கலந்த முட்டைகள் வட்டிலில் வழிந்தன. ஆணிடம் இந்த உபாயம் செல்லவில்லை. அதன் உடலமைப்பு பிழிந்தெடுக்க இடங்கொடாதது. ஆகவே ஆண்மீனைக் கொன்று விந்துப்பையை அறுத்தெடுத்து, முட்டைகளின்மேல் பிழிவதே பண்ணைகளில் பெருவழக்காயிற்று. குஞ்சுகளிலும் ஒரு தொல்லை: சற்று வேகமாக வளர்ந்துவிட்டவை உடன்பிறந்தவற்றையே விழுங்கத் தொடங்கும், அளவு பார்த்து அடிக்கடி பிரித்துவைக்காவிட்டால் தொட்டியில் சில தடியர்களே எஞ்சுவார்கள். இவ்வளவையும் சமாளித்து இம்மீன் வளர்ப்பில் முன்னணிக்கு வந்த நாடு நைஜீரியா. லாகோஸ் போன்ற நகரங்களின் உணவு விடுதிகளில் தொட்டியில் நீந்தும் கெளிறுகளுள் வேண்டியதை வாடிக்கைக்காரர் விரலால் சுட்டிக்காட்ட, அங்கேயே அதனைக் கொன்று காரமான மிளகுச்சாறாக்கிக் கொடுப்பது பிரசித்தமான வழக்கம். பனிக்கட்டி இல்லாத ஊரிலும் மீனை உயிரோடு சந்தைவரை கொண்டுசெல்ல முடிகிற சௌகரியம், அந்தத் தலைக்குள் உள்ள பூவின் கொடையே.

உயிரோடு கொண்டுசெல்ல முடிகிற மீன், கொண்டுசென்ற இடத்தில் தப்பித்தும் போகிறது. ஆரஞ்சு நதியின் நீரை வறண்ட கிழக்குக் கேப் பிரதேசத்துக்குத் திருப்புவதற்காக, மலைக்கடியில் 82 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான சுரங்கக் கால்வாய் ஒன்றைத் தென்னாப்பிரிக்க அரசு வெட்டி 1975இல் திறந்துவைத்தது. நீரோடு கெளிறும் சுரங்கத்தின் வழியே அப்பால் இறங்கி, அதுவரை தான் வாழ்ந்திராத கிரேட் பிஷ் ஆற்றில் குடியேறி, அவ்விடத்துச் சிறுமீன்களைத் தின்று பெருகிற்று. தன் சொந்த தேசத்திலேயே அது அந்நியப் பிராணியாக எண்ணப்படுவதற்கு இன்னும் சில ஆறுகளும் சாட்சி. பிரேசிலிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பண்ணைகளிலிருந்து தப்பியவை காட்டாறுகளில் கலந்தன. தாய்லாந்தில் உள்ளூர்க் கிளாரியாஸோடு இதனைச் சேர்த்து உண்டாக்கிய கலப்பினம், அந்நாட்டுப் பண்ணைகளைப் பெரும்பாலும் தனதாக்கிக்கொண்டது.

தாய்லாந்திலிருந்து வங்கதேசத்துக்கும், அங்கிருந்து அனுமதியின்றி எல்லை தாண்டி 1990களில் இந்தியாவுக்கும் இம்மீன் வந்துசேர்ந்தது. கோழி இறைச்சிக் கடைக் கழிவைக் கொட்டினாலே மளமளவென்று வளர்ந்து பணமாகும் என்று கண்டவர்கள் நாடெங்கும் குட்டைகளை வெட்டிக்கொண்டார்கள். நம் தமிழ்நாடும் விலக்கல்ல. உள்நாட்டு மீனினங்களுக்கு ஆபத்து என்று கண்டு 2000ஆம் ஆண்டில் மத்திய அரசு இதன் வளர்ப்பைத் தடைசெய்தது. ஆனாலும் திருட்டு வளர்ப்பு நிற்கவில்லை என்பதைப் பத்திரிகைச் செய்திகள் அவ்வப்போது தெரிவிக்கின்றன. மீன்வளத் துறையார் ஒரு குட்டையைக் கண்டுபிடித்தால் முதலில் இயந்திரம் வைத்து நீரை இறைத்துவிடுகிறார்கள். மற்ற மீன்களாயின் அத்தோடு காரியம் முடிந்துவிடும். கெளிறோ, நீர் போனபின் அடிச்சேற்றில் அமிழ்ந்து, தலையை மட்டும் தூக்கி வாய் நிறையக் காற்றை விழுங்கிக்கொண்டு கிடக்கிறது. ஆட்கள் இறங்கிச் சேற்றைத் துழாவி ஒவ்வொன்றாகப் பிடித்து, அருகில் தோண்டிய குழியில் கொட்டி மண்ணைத் தள்ளி மூட வேண்டியிருக்கிறது.